முட்டையைத் திருப்பிய கை

மலையிலிருந்து அவள் கணவனுடைய முதுகுப்பை தனியாக வந்து சேர்ந்தது. அடக்கம் முடிந்து, துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாம் கிளம்பிப் போன பிறகு, கூடப் போயிருந்த ஓட்டுநர் அதைக் கொண்டுவந்து வாசலில் வைத்தார். அவளுடைய முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லாமல் அப்படியே திரும்பிப் போய்விட்டார். பாறையில் ஏறுவதற்கு முன்னால் அவன் பையைக் கீழே கழற்றி வைத்திருக்கிறான். அதனால் விழுந்தது அவன் மட்டும்தான், பையில் ஒரு கீறல்கூட இல்லை. அவள் அதைத் திறந்து, துவைக்காத சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள். அடியில் வாய் கட்டிய துணிப்பை ஒன்று கிடந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது அசைந்தது.

அவள் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். அது என்ன என்று புரிய அவளைப் போன்ற ஒருத்திக்கு அவ்வளவு நேரம் ஆகியிருக்கக் கூடாது. கணவனும் மனைவியும் ஒரே ஆராய்ச்சி நிலையத்தில், ஒரே ஜீவனைக் கட்டிக்கொண்டு அழுதவர்கள். பாறை இடுக்குகளில் வாழும் ஒரு செம்பு நிற அரணை அது. விரல் நீளம் இருக்கும். அதைப் பற்றி உலகத்துக்குத் தெரிந்ததையெல்லாம் எழுதினால் அரைப் பக்கம் தேறாது. யார் யாரோ எப்போதோ பிடித்துக் கண்ணாடிக் குடுவைகளில் ஊறப்போட்ட சில உடல்கள் இருந்தன. அறுத்துப் பார்த்தால் அத்தனையும் பெண். ஆண் ஒன்றைக்கூட இதுவரை ஒருவரும் பார்த்ததில்லை.

அந்த வீட்டில் இதை வைத்துத்தான் தினமும் சண்டை. ஆணே இல்லாமல், தன்னந்தனியாக முட்டையிட்டுப் பெருகும் இனம் இது என்பது அவள் கட்சி. உலகத்தில் அப்படிப்பட்ட பல்லி வகைகள் உண்டு. ஆண் இருக்கிறது, நமக்குத்தான் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை என்பது அவன் கட்சி. தட்டில் கை காய்கிற வரை வாதாடுவார்கள். ஆம்பளையே வேண்டாம்னு ஓர் இனம் இருந்தா உனக்கு ரொம்ப சந்தோஷம்தானே என்பான் அவன். உங்களைப் பார்த்த பிறகு அந்த இனத்தின் புத்திசாலித்தனம் புரியுது என்பாள் அவள். பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடும் மாமனார் யார் பக்கமும் சேராமல் சிரித்துக்கொண்டிருப்பார். குழந்தை விஷயத்தை இருவரும் அடுத்த வருஷம், அடுத்த வருஷம் என்று தள்ளிப்போட்டதும் இந்த அரணையால்தான். அதை நினைத்தால் அவளுக்கு இப்போது நெஞ்சு எரிந்தது.

துணிப்பையிலிருந்து வந்ததும் பெண்தான். அவள் அதை வீட்டிலேயே, அவனுடைய வேலை அறையில், கண்ணாடித் தொட்டியில் வளர்த்தாள். நிலையத்தில் விலங்கு அறையை இடித்துக் கட்டிக்கொண்டிருந்ததால் துறைத் தலைவியும் சரி என்று சொல்லிவிட்டார். தொட்டிக்கு முன்னால் யார் போனாலும் அது தலையை உயர்த்தி, சீர் குறைந்துவிட்டதைக் கண்டுபிடித்த அத்தையைப் போல முறைக்கும். அதனால் அதற்குப் பெரியத்தை என்று பெயர் வந்தது. மாதங்கள் ஓடின. பெரியத்தை தனியாகவே இருந்தது, தனியாகவே தின்றது. அவன் போய் வருடம் திரும்பப் போகிற நேரத்தில், ஒரு காலை, ஈரப் பாசிக்கு அடியில் நான்கு முட்டைகளைப் போட்டு வைத்திருந்தது.

அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். இதற்கு இரண்டே விளக்கங்கள்தான் உண்டு. ஒன்று, அவள் சொன்னபடி இதற்கு ஆணே தேவையில்லை. அல்லது, மலையில் எப்போதோ சேர்ந்த ஆணின் விந்தை இது இத்தனை காலமும் வயிற்றுக்குள் பத்திரப்படுத்தி வைத்திருந்து, வேண்டிய நேரத்தில் எடுத்துக்கொண்டிருக்கிறது. பல்லிகளில் அதுவும் நடக்கும். தகப்பன் செத்து மண்ணாகிப் போனாலும் பிள்ளை பிறக்கும். முட்டைகள் பொரிந்து, குஞ்சுகளில் ஒன்றாவது ஆணாக இருந்துவிட்டால் அவன் சொன்னது சரியென்று ஆகிவிடும். வாழ்க்கையில் முதல்முறையாகத் தன் கட்சி தோற்க வேண்டும் என்று அவள் வேண்டிக்கொண்டாள். அவன் விட்டுப்போனதில் உயிரோடு இருப்பது இந்த நான்குதான் என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. அப்படித் தோன்றுவது அறிவியல் இல்லை என்றும் தெரிந்திருந்தது.

அரணை முட்டை, கோழி முட்டை மாதிரி இல்லை. ஓடு காகிதம் போல மெத்தென்று இருக்கும். உள்ளே கரு உருவானதும் மேல் பக்கத்து ஓட்டில் ஒட்டிக்கொண்டுவிடும். அதற்குப் பிறகு முட்டையைத் திருப்பினால் கருவின் மேல் மஞ்சள் கரு ஏறி அழுத்தும், மெல்லிய ரத்த நரம்புகள் அறுந்துபோகும். அதனால் எடுக்கும்போதே ஒவ்வொரு முட்டையின் உச்சியிலும் பென்சிலால் ஒரு புள்ளி வைப்பார்கள். புள்ளி எப்போதும் மேலேயே இருக்க வேண்டும். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நான்கு புள்ளிகளை வைத்து, ஈர மணல் நிரப்பிய டப்பாவில் முட்டைகளைப் பாதி புதைத்து, சூட்டுப்பெட்டிக்குள் வைத்தாள்.

மாமனாரிடம் ஒன்று மட்டும்தான் சொன்னாள். அறைக் கதவைத் திறந்து போட்டால் சூடு மாறிவிடும், மூடியே இருக்கட்டும் என்றாள். அவர் தலையாட்டினார். மகன் போனதிலிருந்து அவருக்கு அதுதான் பேச்சு. தலையாட்டுவார், அல்லது தொண்டைக்குள்ளேயே ஒரு வார்த்தை சொல்வார். வாய்விட்டுப் பேசி ஒரு வருடம் ஆகிறது. காலையில் அவள் வேலைக்குப் போகும்போது நாற்காலியில் இருப்பார். மதியம் பூங்காவுக்குப் போய்விடுவார். அங்கே சீட்டாடும் கூட்டத்தின் ஓரத்தில் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு வருவதாகக் கேள்வி.

முட்டை வைத்துக் கொஞ்ச நாள் கழித்து, எடுத்துப் போக மறந்த ஒரு கோப்புக்காக மதியம் வீட்டுக்கு வந்தாள். வந்த கையோடு சூட்டுப்பெட்டியை எட்டிப் பார்த்தாள். நான்கு முட்டைகளிலும் புள்ளி இல்லை.

அழிந்திருக்குமோ என்று குனிந்தாள். மணலோடு மணலாக, முட்டையின் அடியில் சாம்பல் நிறத்தில் ஒரு புள்ளியின் விளிம்பு தெரிந்தது. இப்போது மறுபடி திருப்பினால் இன்னொரு முறை திருப்பியதாகிவிடும், தொடவும் பயம். நிலையத்துக்குப் போனாள், வேலை ஓடவில்லை. மாலையில் வந்து பெட்டியைத் திறந்தால் நான்கு புள்ளிகளும் மேலே, தான் வைத்த இடத்திலேயே, அவளைப் பார்த்துக்கொண்டிருந்தன.

தனக்குத்தான் புத்தி பேதலித்துவிட்டது என்று முதலில் நினைத்தாள். துக்கத்தில் இருப்பவர்களுக்குக் கண் ஏமாற்றும் என்று படித்திருக்கிறாள். மறுநாள் மதியம் வேண்டுமென்றே வந்தாள். வாசலில் மாமனாரின் செருப்பு இல்லை, பூங்காவுக்குப் போயிருக்கிறார். வீடு வெறிச்சென்று கிடந்தது. அவள் வேலை அறைக் கதவின் பிடியில் கை வைத்தாள். உள்ளே அவன் பேசிக்கொண்டிருந்தான்.

சந்தேகமே இல்லை. ஏழு வருடம் காதோடு கேட்ட குரல். கொஞ்சம் கரகரப்பு, வாக்கியத்தின் கடைசியில் தாழ்ந்து இழுக்கும் அந்தச் சோம்பல். "பயப்படாதே, இன்னும் கொஞ்ச நாள்தான். நல்லபடியா வந்துடுவே."

உச்சி வெயில் நேரம். தெருவில் யாரோ தண்ணீர் லாரியைப் பின்னால் எடுக்கச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார்கள். அவள் பிடியிலிருந்து கையை எடுத்தாள். திறந்தால் போய்விடுவான் என்று தோன்றியது. கதவில் நெற்றியை வைத்துக்கொண்டு, குரல் ஓயும்வரை நின்றாள். பிறகு சத்தம் போடாமல் வெளியே வந்து நிலையத்துக்குத் திரும்பிப் போனாள்.

அன்று மாலை அவள் செய்திருக்க வேண்டியது என்ன என்று சொல்லப் பெரிய படிப்பு வேண்டாம். ஒரு பூட்டு வாங்கி மாட்டியிருக்கலாம். பேயோ, மனிதனோ, தன் மூளைக் கோளாறோ, எதுவாக இருந்தாலும் யாரோ முட்டைகளைத் திருப்புகிறார்கள், திருப்பினால் கரு சாகும். இதை மாணவர்களுக்கு வகுப்பெடுத்தவள் அவள். ஆனால் பூட்டவில்லை. அதற்குப் பதிலாக ஒவ்வொரு நாளும் மதியம் ஏதாவது சாக்குச் சொல்லிவிட்டு வீட்டுக்கு ஓடி வந்தாள். கதவில் நெற்றியை வைத்து நின்றாள். சில நாள் குரல் இருக்காது. வெறுமனே காத்திருந்துவிட்டுப் போவாள். சில நாள் இருக்கும். சூடு போதுமா என்று கேட்கும். ஒருமுறை சிரித்தது. அன்றைக்கு அவள் சாலையெல்லாம் அழுதுகொண்டே போனாள், சந்தோஷத்தில்.

முட்டைகளை வெளிச்சத்தில் பிடித்து உள்ளே நரம்பு ஓடுகிறதா என்று பார்க்கும் வழக்கம் உண்டு. அதையும் அவள் செய்யவில்லை. ஏற்கெனவே திருப்பியாகிவிட்டது, கெடுவதென்றால் கெட்டிருக்கும், இனி பூட்டி என்ன ஆகப்போகிறது என்று தனக்கே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டாள். இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும் என்றால் அவளுக்கு அந்தக் குரல் வேண்டியிருந்தது.

பிறகு வாடை வந்தது. ஒரு காலையில் பெட்டியைத் திறந்ததும் லேசாக மூக்கில் ஏறியது. ஒரு முட்டை ஒடுங்கி, ஓட்டில் பூசணம் பிடித்திருந்தது. வேறு இரண்டு மஞ்சளடித்துக் கிடந்தன. நான்காவது மட்டும் பார்க்க நன்றாக இருந்தது. அன்று மதியம் அவள் கதவுக்கு வெளியே நிற்கவில்லை. குரல் கேட்கும்போதே திறந்தாள்.

மாமனார் மகனுடைய நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கண்கள் மூடியிருந்தன. உள்ளங்கையில் நான்காவது முட்டை. அதோடு பேசிக்கொண்டிருந்த வாய், கதவுச் சத்தத்தில் பாதியில் நின்றது.

"நீங்களா," என்றாள்.

அப்பாவுக்கும் மகனுக்கும் ஒரே குரல் என்பது ஊரறிந்த விஷயம். தொலைபேசியில் கூப்பிடுகிற கடன் அட்டைக்காரர்கள்கூட அவரை மகன் என்று நினைத்துப் பேசுவார்கள். ஒரு வருடமாக அவர் அந்தக் குரலை வெளியே எடுக்காததால் அவளே அதை மறந்திருந்தாள். முதலில் அவளுக்கு முட்டைகள் நினைவுக்கு வரவில்லை. அவன் இன்னொரு முறை செத்துவிட்டான் என்பதுதான் வந்தது. எதிரில் இருக்கும் கிழவர் மேல் கண்மண் தெரியாத கோபம் வந்தது.

கோபத்தை அவர் வேறு மாதிரி புரிந்துகொண்டார். அவசரமாக எழுந்து, கதவை மூடித்தான் வைத்திருந்தேன், சூடு குறையவே இல்லை என்றார். நீ சிரிப்பாய் என்றுதான் சொல்லவில்லை, பூங்காவுக்குப் போவது போலப் போய்ப் பின்கட்டு வழியாக வந்துவிடுவேன் என்றார். அப்புறம், மகன் போன பிறகு முதல்முறையாக, முகத்தில் ஒரு சின்னப் பெருமை தெரிய, "ஒரு நாள் தவறாம திருப்பிட்டேன்மா. காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை," என்றார்.

அவருக்கு ஆயுள் முழுக்கக் கோழிக் குஞ்சு பொரிப்பகத்தில் வேலை. லட்சக்கணக்கான முட்டைகள் அவர் கையால் திரும்பியிருக்கின்றன. கோழி முட்டையைத் திருப்பாமல் விட்டால்தான் கரு ஓட்டில் ஒட்டிச் செத்துப்போகும். அதைத் திருப்ப வேண்டும் என்று அவருக்கு ஒருவர் சொல்லிக் கொடுக்க வேண்டுமா? அரணை முட்டையைத் திருப்பக் கூடாது என்று அவளுக்கு ஒருவர் சொல்லிக் கொடுக்க வேண்டுமா? முட்டையைப் பற்றி எல்லாம் தெரிந்த இரண்டு பேர் ஒரே கூரையின் கீழ் இருந்துகொண்டு, சொல்லவேண்டிய அந்த ஒரே விஷயத்தை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை. மருமகள் பாவம், துக்கத்தில் திருப்ப மறந்துவிடுவாள் என்று அவர் அந்த வேலையைத் தன் தலையில் போட்டுக்கொண்டார். பென்சில் புள்ளிகள் திருப்பியதைத் தெரிந்துகொள்ள வைத்த அடையாளம் என்று எடுத்துக்கொண்டார்.

அவள் அவர் கையிலிருந்து முட்டையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள். உள்ளே நரம்புகள் தெரிந்தன. அவற்றில் சிவப்பு இல்லை. எல்லாம் பழுப்பேறி நின்றிருந்தது.

சூடு ஏறிவிட்டது, பெட்டியில் கோளாறு, என் தப்புதான் என்று அவரிடம் பொய் சொன்னாள். கோபம் எங்கேயோ போய்விட்டிருந்தது. பொரிப்பகத்தில் பொரியாத முட்டைகளைத் தூக்கிப் போடமாட்டோம், உடைத்துப் பார்ப்போம், எந்த நாளில் எதனால் செத்தது என்று பார்த்தால்தான் அடுத்த ஈட்டுக்கு நல்லது என்றார். இருவரும் மேசையில் விளக்கைப் போட்டு உட்கார்ந்தார்கள். அவள் சின்னக் கத்தரியால் ஓடுகளை வெட்டினாள். முதல் மூன்றில் கரு கொசு அளவில் நின்றுபோயிருந்தது. நான்காவதில் முழு அரணை ஒன்று சுருண்டு கிடந்தது. விரல்கள், கண் இமை, செதில் கோடுகள் எல்லாம் இருந்தன. சிதையக்கூட ஆரம்பிக்கவில்லை.

அதை உருப்பெருக்கிக்குக் கீழே வைத்து, வாலின் அடிப்பகுதியைத் திருப்பினாள். இரண்டு சின்ன மொட்டுகள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. கருவிலிருக்கும் ஆணுக்கு அந்தப் பருவத்தில் அப்படித்தான் இருக்கும். அவள் பார்த்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள். இந்த இனத்தில் மனிதக் கண் பார்த்த முதல் ஆண் அது. வாதத்தில் அவன் ஜெயித்துவிட்டான். ஒரு கணம் அவளுக்குள் இருந்த ஆராய்ச்சிக்காரி துள்ளிக் குதித்தாள். அடுத்த கணம் அவளுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

"ஆண், மாமா," என்றாள். "இதுக்கு அப்பா இருந்திருக்கார். உங்க பையன் சொன்னது சரி."

அவர் உருப்பெருக்கியில் கண்ணை வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். பார்த்தது மொட்டுகளை இல்லை. ஊசியை எடுத்து, கரு ஒட்டியிருந்த ஓட்டை மெதுவாக விலக்கினார். அறுந்து சுருண்டிருந்த நரம்புகளை ஒவ்வொன்றாக நீவினார்.

"இது சூட்டுச் சாவு இல்லம்மா. சூட்டுல போனதை நான் எவ்வளவோ பார்த்திருக்கேன்." ஊசியைக் கீழே வைத்தார். "திருப்பக் கூடாதா?"

அவளால் இன்னொரு பொய் சொல்ல முடியவில்லை. தலையை ஆட்டினாள். அவர் தன் இரண்டு கைகளையும் மேசை மேல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பழைய தொழில்காரரின் மூளை ஒவ்வொன்றாகக் கோத்துக்கொண்டு வந்தது. மூன்று முன்னாலேயே போய்விட்டன. இது கடைசிவரை தாக்குப்பிடித்திருக்கிறது. நேற்று முன்தினம்வரை உயிரோடு இருந்திருக்கும்.

"புள்ளி கீழே போனதை நீ பாக்கவே இல்லையா?"

"பார்த்தேன்."

"எப்போ?"

"ஆரம்பத்துலேயே."

"பார்த்துமா பூட்டாம விட்டே?"

"உள்ளே அவர் பேசிட்டிருந்தார், மாமா," என்றாள். அவருக்குப் புரிய நேரம் பிடித்தது. புரிந்ததும் கையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

அதிலிருந்து அந்த வீட்டில் அவர் குரல் முற்றிலும் நின்றுபோனது. தொண்டைக்குள் சொல்லும் ஒற்றை வார்த்தையும் இல்லை. ஏதாவது வேண்டுமென்றால் கையைக் காட்டினார். அவள் இருக்கும் அறையில் இருமல் வந்தால்கூட எழுந்து வெளியே போய் இருமினார். குற்றம் தன்னுடையதுதான் என்று இருவருமே நினைத்துக்கொண்டிருந்ததால் சமாதானம் சொல்ல ஆளில்லாமல் போய்விட்டது. கண்டுபிடிப்பைக் கேட்டுத் துறைத் தலைவி கட்டிப்பிடித்துப் பாராட்டினார். எப்படிச் செத்தது என்று அவர் கேட்டபோது, திருப்பப்பட்டுவிட்டது என்று மட்டும் சொன்னாள்.

மழைக்காலம் வந்து போன பிறகு பெரியத்தை மறுபடி முட்டையிட்டது. இந்த முறை மூன்று. இன்னமும் அதன் வயிற்றில் அந்தப் பழைய ஆண் மிச்சமிருந்தது. அவள் புள்ளி வைத்துப் பெட்டியில் அடுக்கிவிட்டுத் திரும்பினால், மாமனார் வாசலில் நின்றிருந்தார். கையில் புதுப் பூட்டு, தாழ்ப்பாள், திருப்புளி. அறைக்குள் ஒரு காலைக்கூட வைக்காமல், வெளியே நின்றபடியே கதவில் அதைப் பொருத்தினார். இரண்டு சாவிகளையும் அவளிடம் கொடுத்தார். ஒன்றை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள் என்று அவள் சொன்னபோது வேண்டாம் என்று கையசைத்தார்.

நாட்கள் போயின. புள்ளிகள் மேலேயே இருந்தன. வெளிச்சத்தில் பிடித்தால் மூன்றிலும் சிவப்பு ஓடியது. இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும் என்பது முடிவாகி, அவள் இந்த முறை சரியானதை வைத்துக்கொண்டாள். ஆனாலும் மதியமானால் அவளுடைய கால்கள் நிலையத்தில் நிற்கவில்லை. வந்து பூட்டைத் திறந்து, உள்ளே போய், சூடு மாறாமல் இருக்கக் கதவை மூடிக்கொண்டு நாற்காலியில் உட்காருவாள். பெட்டி மெதுவாக முனகும். வேறு சத்தம் இருக்காது.

அப்படி ஒரு மதியம், கதவுக்கு அந்தப் பக்கம் செருப்புச் சத்தம் வந்து நின்றது. உள்ளே யார் இருக்கிறார்கள் என்று தெரிந்துதான் நின்றது. அவள் எழுந்து கதவருகே போனாள்.

"மாமா, ஏதாவது பேசுங்க. அங்கேயே நின்னு பேசுங்க. பேசினா முட்டைக்கு ஒண்ணும் ஆகாது."

அவர் போய்விட்டார் என்று நினைத்தாள். பிறகு, மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்த அந்தக் குரல், கரகரப்பும் கடைசி இழுப்புமாக, மரத்தைத் தாண்டி வந்தது.

"என்னத்தைப் பேசறது?"

கண்ணை மூடியபோது அவளுக்கு மாமனார் நினைவில் இல்லை. கதவில் நெற்றியை வைத்து, உதடு அசைவது தனக்கே தெரியாமல், "என்னங்க," என்று கூப்பிட்டுவிட்டாள். கூப்பிட்ட பிறகுதான் காதில் விழுந்தது. உடம்பெல்லாம் கூசிப்போய், மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தாள்.

வெளியே மூச்சு விடும் சத்தம் மட்டும் கேட்டது. கிழவர் அழுகிறார் என்று அவளுக்குத் தெரிந்தது. அழுகையை விழுங்கிக்கொண்டு, குரலைச் சரிசெய்துகொள்ள அவருக்குச் சற்று நேரம் பிடித்தது.

"இங்கேதான் இருக்கேன்," என்றார்.